ஜன்னலைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர்

என் விசிட்டிங் கார்டில் 'இசையமைப்பாளர்' என்று தங்க நிறத்தில் போட்டிருக்கும். அதை அச்சடித்துக் கொடுத்த ராமநாதபுரத்துக்காரர், "சார் எந்தப் படத்துக்குப் பண்ணியிருக்கீக?" என்று கேட்டார். "வந்துக்கிட்டு இருக்கு" என்றேன். அது வரத் தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? ஜவுளிக்கடை விளம்பரம், கும்பாபிஷேகப் பாட்டு, தேர்தல் பாட்டு என்று பிழைப்பு ஓடுகிறது. ஒரு தேர்தலில் ஒரே மெட்டை இரண்டு கட்சிக்கும் கொடுத்துவிட்டேன். இரண்டு பிரச்சார ஆட்டோவும் உச்சிப்புளி கடைத்தெருவில் எதிரெதிரே வந்து நின்று ஒரே பாட்டைப் பாடியபோது, நான் மண்டபத்தில் ஒரு நண்பன் வீட்டில் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருந்தேன்.

உச்சிப்புளியில் எங்கள் வீட்டுத் தெருப்பக்கத்து அறைதான் என் ஸ்டுடியோ. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, தெரு ஜன்னலைப் பார்த்து வைத்த இரண்டு பெரிய ஸ்பீக்கர். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். சத்தத்தை அடக்கும் என்று யாரோ சொன்னார்கள். அடக்கவில்லை, பல்லிகளுக்குத்தான் வசதியாகப் போனது.

அப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் கூப்பிட்டார். குறும்படம்தான், ஆனாலும் படம். கடலுக்குப் போன படகு திரும்பவில்லை; கரையில் பெண்கள் காத்திருக்கிறார்கள். "வயலின் எல்லாம் வேண்டாம் சார். பித்தளை வாத்தியம் மட்டும். மெதுவா, கனமா. கேக்கிறவனுக்கு வயித்தைப் பிசையணும்" என்றார். "ஆர்க்கெஸ்ட்ராவே இருக்கு சார்" என்று ஒரு பொய்யைச் சொல்லி போனை வைத்தேன்.

வைத்த கையோடு, ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த பித்தளை லைப்ரரி ஒன்றை வாங்கினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கோ குளிர் நாட்டில் ஒரு பெரிய கூடத்தில் டிரம்பெட், டிராம்போன், ஹார்ன் வாசிக்கிற பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல ஊதச் சொல்லி, ஓங்கி ஊதச் சொல்லி, இழுத்து ஊதச் சொல்லி, வெட்டி ஊதச் சொல்லித் தனித்தனியாகப் பதிவு செய்திருப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டால் போதும். நாம் கட்டையை அழுத்தினால் அவர்கள் ஊதுவார்கள். இடது கைப்பக்கம் ஒரு சக்கரம் இருக்கும். அதை மேலே தள்ளத் தள்ள ஊதல் ஓங்கும். சம்பளம் கேட்க மாட்டார்கள், டீ கேட்க மாட்டார்கள், மூச்சுகூட வாங்க மாட்டார்கள். எங்கள் ஊர் இணைய வேகத்தில் அது இறங்கி முடிய ஐந்து நாள் ஆனது. முதல் கட்டையை அழுத்தியபோது, பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தினேன்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. என் சத்தத்துக்கு அவள் ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தாள்: "ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேளுங்க. மாமா உடம்பு சரியில்லாம இருக்காக."

மாமா என்றால் என் அய்யா. எண்பது தாண்டியவர். மூச்சுத்திணறல் என்று ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து, அந்த வாரம்தான் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார். நர்ஸ் என்று தெரிந்ததும் தலை தலையணைக்குப் போய்விடும். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கடலாடியில் இருக்கும் என் தங்கச்சியைத்தான்.

இந்த இடத்தை எழுதாமல் தாண்டிவிட முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தங்கச்சி தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் வேற ஆளுக. அய்யா மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு இறங்கி வந்து, "பொங்கலுக்கு ரெண்டு பேரும் வரட்டும்" என்று எதிர்வீட்டு பாய் மூலமாகச் சொல்லியும் அனுப்பினார். வந்தார்கள். அய்யா கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றது நான். "எந்த மூஞ்சியோட வந்தே? இந்தப் படி ஏறாதே" என்றேன். சொன்ன நான் யார் தெரியுமா? அதற்கு முந்தின மாதம்தான் 'சாதியில்லை பேதமில்லை' என்று ஒரு விழிப்புணர்வுப் பாட்டுக்கு மெட்டுப் போட்டு மேடையில் சால்வை வாங்கியவன். அந்தச் சால்வை அன்றைக்கு வாசல் கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி. இனி அய்யா செத்தாத்தான் இந்தப் படி ஏறுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஈரத் துண்டோடு வந்த அய்யாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் கேட்டிருக்கிறது. நான் பேசியதை பாய் சொல்லிக் கேட்ட பிறகும் அவர் என்னைத் திட்டவில்லை. "பேசுனவன் போயிக் கூப்பிடட்டும்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்பது வருடத்தில் அதை இன்னொரு தடவை சொல்லவும் இல்லை. அவள் எண் என் போனில் இருந்தது. ஒரு தடவைகூட அழுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாய், "தம்பி, தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லிரவா?" என்று கேட்டார். "வேணாம் பாய், எல்லாம் சரியாப் போகும்" என்றேன். அவளைப் பயப்படுத்த வேண்டாம் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் வந்தால் அவள் முன்னால் நான் நிற்க வேண்டுமே, அந்தப் பயம்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். அன்றைக்குக் காலையில் மனைவி பள்ளிக்கூடம் போய்விட்டாள். அய்யா மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கினார். காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் அவருக்கு இடி இடித்தாலும் கேட்காது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஹெட்போனில் கேட்டால் டிராம்போனின் அடிச்சத்தம் ஏமாற்றும், ஸ்பீக்கரில்தான் உண்மை தெரியும் என்று எனக்கு நானே ஒரு தொழில் காரணம் சொல்லிக்கொண்டேன். வெக்கைக்கு ஜன்னலைத் திறந்து, வெயிலுக்குத் திரையை மட்டும் இழுத்துவிட்டேன். குறும்படத்துக்குப் போட்டிருந்த மெட்டு ஒரு நிமிஷம் ஓடும். முடிந்ததும் தானாகத் திரும்ப வரும்படி சுழல விட்டேன். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்படை விமானத்தளத்து ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேல் போனது, அதற்காக வால்யூமைக் கூட்டினேன். ஹெலிகாப்டர் போய்விட்டது. வால்யூமை நான் குறைக்கவில்லை.

இசை போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்த வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதை ஓட விட்டுவிட்டு வேறு இடத்தில் போய் நின்று கேட்போம். தூரத்தில் நின்றால்தான் எந்த வாத்தியம் துருத்துகிறது என்று தெரியும். நான் கொல்லைப்பக்கம் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன். அடடா! கனமாக, மெதுவாக, வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி வந்தது. எனக்கே கண் கலங்கியது. இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று அரைமணி நேரம் அங்கேயே நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தெருவில் அந்த அரைமணி நேரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் வயசானவர்கள் யாராவது போய்விட்டால் பேண்டு செட் வரும். வாசலில் நின்று மெதுவாக வாசிப்பார்கள். கல்யாணத்துக்கும் அவர்கள்தான், ஆனால் அது வேகமாக இருக்கும். மெதுவாக, கனமாக, ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஒரு வீட்டிலிருந்து வந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். அந்த வீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று நாளைக்கு முன்னால் வந்த பெரியவர் ஒருவர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உள்ளே தாழ் போட்டிருந்த வாசல் கதவைத் திறந்துகொண்டு நான் முன்பக்கம் வந்தபோது வாசலில் முப்பது பேர் நின்றார்கள். பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு பாய், இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து, சாயங்காலமானால் அய்யாவோடு உட்கார்ந்து பேசுவதையே வேலையாக வைத்திருப்பவர், கையில் ரோஜா மாலையோடு நின்றார். முகமெல்லாம் ஈரம். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இன்னாலில்லாஹி... என்ன தம்பி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பேண்டு செட்டு வரைக்கும் சொல்லிப்புட்டே? நேத்து சாயந்தரங்கூட எங்கிட்டச் சிரிச்சுப் பேசினாகளே!"

எனக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைத்திருக்க வேண்டும். நான் கேட்டது இது: "பாய், நெசமான பேண்டு செட்டுன்னே நெனச்சீகளா?"

கேட்ட வாயைச் செருப்பால் அடிக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினைந்து வருடத்தில் என் இசையைக் கேட்டு முப்பது பேர் அழுதது அன்றைக்குத்தான்.

அதற்குள் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து சர்ரென்று நின்றது. இறங்கியவர் பேண்டு மாஸ்டர். என் கல்யாணத்துக்கு வாசித்தவர். முகம் கடுகடுவென்று இருந்தது. "ஏண்ணே, இது நியாயமா? நாங்க இங்கன உசுரோட இருக்கையில, ஒங்கய்யாவுக்கு வெளியூரு செட்டை இறக்கியிருக்கீக?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்து ஒரு நிமிஷம் நின்றார். கோபம் குறைந்து முகத்தில் சந்தேகம் வந்தது. "பத்துப் பன்னெண்டு பேரு வாசிக்கிறாக. மதுரை செட்டா? ஆனா, ஒருத்தனும் மூச்சே வாங்கலையே! செத்தது ஒங்கய்யாவா, இவனுகளா?"

அப்போதுதான் உள்ளே போய் அணைத்தேன். சத்தம் நின்றதும் தெருவே ஒரு மாதிரி வெறித்துப் போனது. அந்த அமைதியில், உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு அய்யா வந்தார். தூக்கக் கலக்கம், அவிழ்ந்த கைலியைச் சுருட்டிப் பிடித்தபடி வாசலைப் பார்த்தார். ஒரு பெண் "ஆத்தாடி!" என்று அலறினாள். பாய் மாலையோடு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் அழுகையை நிறுத்தவும் முடியாமல் திணறினார்.

காதுக் கருவியை மாட்டிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார் அய்யா. கேட்டு முடித்ததும் மாலையைப் பார்த்தார். "நல்ல மாலைடா பாய். தண்ணி தெளிச்சு வையி, வாடிரப் போகுது" என்றார். கூட்டம் சிரித்தது. நாற்காலி போட்டாகிவிட்டதே என்று எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அய்யாவைப் பார்த்ததும், அழுகையை நிறுத்தாமலே என்னைத் திட்ட ஆரம்பித்தாள். "ஹெட்போனு, ஹெட்போனுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, கடலாடிக்குச் சொல்லிட்டேன். தங்கச்சி கெளம்பி அரைமணி நேரத்துக்கு மேலாச்சு. இப்ப அடிச்சாப் போனை எடுக்க மாட்டேங்குது."

அவள் என்ன நினைப்பாள்? ஒன்பது வருடம் கழித்துத் தன்னைப் படி ஏற வைக்க அண்ணன் ஆடிய நாடகம் என்று நினைப்பாள். அல்லது செத்தாத்தான் வருவேன் என்று சொன்னவளைக் கேலி செய்ய என்று நினைப்பாள். வாசலோடு திரும்பிப் போய்விட்டால் அதோடு முடிந்தது. அய்யாவுக்கு இருக்கிற மூச்சில் இன்னொரு ஒன்பது வருடம் கிடையாது.

நாங்கள் பேசியது அய்யாவுக்குக் கேட்டிருக்கிறது. மருமகளைக் கூப்பிட்டு, "அந்தச் சலவை வேட்டிய எடுத்துத் தா, தாயி" என்றார். முகம் கழுவினார். தலையை வாரச் சொன்னார். வாசலில் ஒரு நாற்காலியைத் தெருமுனையைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பேண்டு மாஸ்டர்கூட வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

தெருமுனையில் ஆட்டோ நின்றது. அவள் இறங்கும்போதே குரல் வந்துவிட்டது. "என்னைப் பெத்த அய்யா! ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டீகளே! இந்தப் பாவி வரமாட்டேன்னு சொல்லிப்புட்டேனே!" மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. வாசலுக்கு நான்கடி முன்னால் வந்து நின்றாள். வெள்ளை வேட்டி கட்டி, தலைவாரி, நாற்காலியில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற அய்யாவைப் பார்த்தாள். குரல் அப்படியே நின்றுபோனது.

பிறகு என்னைப் பார்த்தாள். "இதுவும் ஒன் வேலையா?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மன்னிச்சுக்க என்று சொல்லத்தான் திறந்தேன். "அது வந்து, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாப் பதிவு பண்ணி..." என்று ஆரம்பித்தேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன்.

"ஏலே, நீ சும்மா கெட" என்றார் அய்யா.

தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு காலைப் படியில் வைக்கப் போனவள் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அய்யா, அன்னைக்கு நான் என்ன சொல்லிட்டுப் போனேன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"செத்தாத்தான் படி ஏறுவேன்னு சொன்னே."

"ஆமா."

"செத்துட்டேன்னு வச்சுக்க, தாயி. உள்ள வா" என்றார் அய்யா.

அவள் படியேறவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையைக் கேட்டு, பேண்டு மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். போய்ப் பக்கத்தில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தது.

மெட்டை இயக்குநருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "நல்லாருக்கு சார். ஆனா சாவு ஃபீல் பத்தலை." ஒரு தெருவே மாலை வாங்கி, நாற்காலி இறக்கிவிட்டது என்று அவருக்கு எழுதலாமா என்று நினைத்து, எழுதவில்லை. பிறகு வயலினே போட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறாள். அய்யாவோடு பேசுவாள், என் மனைவியோடு சமைப்பாள். என்னோடு பேச மாட்டாள். நான் எதிரே இருந்தாலும், "அந்த ஆளு சாப்பிட்டாச்சான்னு கேளுங்க மதினி" என்பாள். எனக்கு அது குறைவான தண்டனை என்றுதான் தோன்றியது. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவள் கிளம்புகிற நேரம் ஸ்டுடியோவுக்குள் புகுந்து எதையாவது திருகிக்கொண்டிருப்பேன்.

போன ஞாயிறு மணி பன்னிரண்டாகியும் அவளைக் காணோம். அய்யா நான்கு தடவை தெருவை எட்டிப் பார்த்தார். ஐந்தாவது தடவை என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏலே, அந்த பேண்டைப் போடு" என்றார்.

"எதுக்கு அய்யா?"

"போட்டா வந்துருவால்ல?"

முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை. அந்த ஒன்பது வருடத்துக் கணக்கற்ற எட்டிப் பார்த்தல்கள் எல்லாம் அந்தக் கண்ணில் இருந்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது. பன்னிரண்டு பேரை ஊத வைக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு போன் போடத் தெரியவில்லை. கம்ப்யூட்டரை விட்டு எழுந்தேன். போனை எடுத்து, ஒன்பது வருடமாக அழுத்தாத அந்த எண்ணை அழுத்தினேன். எடுத்தாள். பஸ் இரைச்சல் கேட்டது.

"அண்ணன் பேசுறேன்" என்றேன். நிறுத்தினால் மறுபடி சுரம், பதிவு என்று எதையாவது உளறிவிடுவேன் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன். "அன்னைக்கு வாசல்ல நான் பேசினது தப்பு. மச்சானையும் சேத்துத்தான் பேசினேன். ரெண்டு பேர்ட்டயும் கேக்குறேன், மன்னிச்சுக்கங்க. அய்யா ஒன்னையத் தேடுறாக."

இரைச்சல்தான் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"பஸ்ஸு பழுதாகி நின்னுருச்சு. இப்பத்தான் வேற பஸ்ஸு ஏறினோம். அவுகளும் கூட வாராக" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "எரைச்சல்ல ஒண்ணும் சரியாக் கேக்கல. நேர்ல வந்து கேக்குறோம். அங்கன வச்சு, வாசல்லயே நின்னு, சத்தமாச் சொல்லுண்ணே."

போனை வைத்துவிட்டு வந்தேன். அய்யா நாற்காலியைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார். நான் அவர் பக்கத்தில், வாசல் படியில் போய் நின்றுகொண்டேன்.